மூன்றாம் அங்கத்து அறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே நான், என் முழங்கால், என் ரத்தக்கொதிப்பு மூவரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு வாழ்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது? வலது காதும் மந்தமாகி வருகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மகனோடு போய் டாக்டரிடம் காட்டு. போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் கேட்காது. எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. நல்ல ஜோடி நாம்.

செய்தியைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் டிவி தொடரில் என் கணவர் மூன்று வருஷமாக வெளிநாட்டில் இருப்பதாகப் பேச்சில் மட்டும் வந்துகொண்டிருந்தாரே, அவர் போன வாரம் நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். வேஷம் கட்டி வந்தது யார் தெரியுமா? வெண்கலம். நம் நாடகக் கம்பெனி முதலாளி வெண்கலம்தான். எண்பது வயதாகிறது, கைத்தடி ஊன்றி நடக்கிறான். (இங்கே எல்லோரும் 'ஐயா' என்கிறார்கள். எனக்கு 'அவர்' என்று எழுதக்கூடக் கை வரவில்லை.) ஆனால் அந்தப் பெயரை வாங்கித் தந்த குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, அக்கா. 'வணக்கம்' என்றான், மேக்கப் அறைக் கண்ணாடி அதிர்ந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் டைரக்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்: "ஐயா, மேடையில நீங்க நிஜமாவே அடிப்பீங்களாமே?"

"பாவனைங்கறதே எங்கிட்ட கிடையாது தம்பி. அடின்னா அடிதான். மூணாம் அங்கத்துல பொண்டாட்டியை அறையணும். ஒருத்தி அறுபது நாள் வாங்கினா. ஒரு நாளாவது கண்ணு கலங்கணுமே!" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "இவங்க அக்காதான். இருக்காளா?"

"இருக்காங்க. உங்களை நினைக்காத நாளே கிடையாது" என்றேன். அதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம் வேறு!

போஸ்டரில் உன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டாய். அந்த ஒரு வார்த்தைக்காக அறுபது நாள் அறைந்து உன் இடது காதையே கொன்றான். இப்போது அதைக் கலை என்று சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு எனக்கு வயது இருபது, வாய் கிடையாது. இன்றைக்கு நான் இந்தத் தொடரின் மாமியார். நான் இருமினால் கதை நின்றுவிடும். பார்த்துக்கொண்டே இரு.

உன் தங்கச்சி

ஜனவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். தையல் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். காஜா எடுக்க மட்டும் என்னிடம் தருகிறான். மருமகள் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வாள். ஊரெல்லாம் அவளைக் குறை சொல்கிறது, எனக்கோ அதுதான் வசதி.

அவன் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டேன். அவன் ஏன் அடித்தான் என்பதை நீயே எழுதிவிட்டாய். நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் வம்பு எதற்கு? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் உன் தொடரைப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு வருகிறது?

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? காது டாக்டரைப் பார்த்தாயா? நான் சுகத்திலும் சுகம். ஏன் என்று சொல்கிறேன்.

தொடருக்குக் கதையும் வசனமும் எழுதுவது ஒரு சின்னப் பெண். கண்ணாடி போட்டிருப்பாள். ஒரு நாளைக்கு இருபது பக்கம் எழுதி எழுதி விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிறாள். போன திங்கட்கிழமை மேக்கப் அறைக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேடம், பெரியவர் பக்கம் பக்கமா வசனம் கேக்கறார். மத்தவங்க யாரையும் பேச விடமாட்டேங்கறார். அவரை என்ன பண்றதுன்னே தெரியல."

"மாடிப்படியில உருட்டி விடு" என்றேன்.

"அய்யோ, செத்துடுவாரே!"

"சாகக்கூடாது. கண்ணை மூடிக் கட்டில்ல கிடக்கணும். வீடே அவரைச் சுத்தி அழணும். பாக்கறவங்களும் அழுவாங்க."

அவளுக்குப் பளிச்சென்று பிடித்துவிட்டது. புதன்கிழமை அவனை உருட்டினோம். (உருண்டது டூப் ஆள்தான், அதுதான் ஒரு குறை.) வியாழக்கிழமை முதல் மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கிறான். வாயை வைத்தே பிழைத்தவனுக்கு இப்போது ஒரு வார்த்தை கிடையாது. நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் விட்டபடி, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அறுபது வரைக்கும்.

சாயந்திரம் ஆறரைக்கு வருகிறது. பார்.

தங்கச்சி

பிப்ரவரி 14

சின்னவளுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். காதுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை நீ அவன் நெற்றியைத் துடைத்தபோது அவனுடைய இடது இமை துடித்தது. நினைவில்லாமல் கிடப்பவனுக்கு இமை துடிக்காது. சொல்லி வை.

அக்கா

மார்ச் 6

என் அக்காவுக்கு,

உன் மூன்று வரிக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மகள் வந்து, "என்னம்மா, லவ் லெட்டரா?" என்றாள். மருமகள் எப்படி இருக்கிறாள்? இன்னும் கத்துகிறாளா? உன் காது?

இமை விஷயத்தை டைரக்டரிடம் சொன்னேன். "பெரியவரே, இமை ஆடுது, இன்னொரு தரம் போலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஐம்பத்தைந்து வருஷம் மேடையும் டிவியுமாக வாழ்ந்தவனிடம் அப்படிச் சொன்னார், அக்கா. நாலு தரம் எடுத்தார்கள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், மேலே விளக்குகள் எரியும், போர்வை கழுத்து வரைக்கும் இருக்கும். ஒரு நாள் ஈ ஒன்று மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. ஊதக்கூட முடியாமல் கிடந்தான். அந்த ஈக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

போன வாரம் கதைக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டான். "மைண்ட் வாய்ஸாவது வைம்மா. உடம்புதானே படுத்திருக்கு, மனசு பேசலாமே?" அவளும் இளகிவிட்டாள். நான் குறுக்கே விழுந்து, "டாக்டருங்க பாத்தா சிரிப்பாங்க. நினைவு இல்லாதப்போ மனசு எப்படிம்மா பேசும்?" என்றேன். போட்ட வரியை அடித்துவிட்டாள்.

இடைவேளையில் லைட்மேன்களைக் கூப்பிட்டு வைத்துப் பழைய வசனங்களைப் பேசிக் காட்டுகிறான். முதல் வாரம் கேட்டார்கள். இப்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறார்கள். பாட்டுக்கு ஆட்டுகிறார்கள், அவன் தனக்கென்று நினைக்கிறான்.

நேற்று என்னிடமே வந்துவிட்டான். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ சொன்னா கேப்பாங்க. என்னை எழுப்பச் சொல்லும்மா. நாலு வரி போதும். வீட்ல பேரப்பிள்ளைங்க, 'தாத்தா, நீ செத்துட்டியா?'ன்னு கேக்குதுங்க."

"சொல்லிப் பாக்கறேன்" என்றேன். எங்கே சொல்வது!

தங்கச்சி

மார்ச் 15

சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மருமகளுக்கு ஜலதோஷம், அதனால் வீடு அமைதியாக இருக்கிறது.

அவனை எழுப்பு.

படுத்துக் கிடப்பது ஒரு தண்டனையா? இந்த வயதில் நான்கூடத்தான் படுத்துக் கிடக்கிறேன். அவன் எழுந்து நிற்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பார்ப்பவர்கள் இருக்க வேண்டும். அப்போது நீ அவனை அறைய வேண்டும். குடும்பத்தைக் கெடுத்தான் என்றோ வேறு எதையோ சொல்லி அந்தப் பெண்ணை எழுதச் சொல்.

இதுவரை உனக்கு நான் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. அடி கன்னத்தில் விழாது. கன்னம் முடிந்து காது தொடங்கும் இடத்தில் விழும். முதல் நாள் வலி மட்டும்தான். பத்தாவது நாள் ஒரு ரீங்காரம் வந்தது, தூக்கத்திலும் போகவில்லை. நாற்பதாவது நாள் ரீங்காரம் நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை வலது காது தலையணையில் அழுந்த ஒருக்களித்துக் கிடந்தபோதுதான் தெரிந்தது, நின்றது ரீங்காரம் மட்டுமல்ல.

அழுதால் அவன் ஜெயித்தான் என்றாகிவிடும். அதனால்தான் அழவில்லை. அதையும் அவன் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டான்.

அதன்பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்து பார்த்தேன். இடது பக்கம் நின்று யார் பேசினாலும் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் வசனத்தைத் தவறவிட்டேன், அனுப்பிவிட்டார்கள். ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன், நல்ல மனிதர். செத்த காதை மிஷின் பக்கமும் நல்ல காதை அவர் பக்கமும் வைத்து முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஒரே ஒரு அறை போதும். அறுபது கேட்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். முதலில் மனசு வரவில்லை. பிறகு நேரம் வரவில்லை. எண்பது வயதுக் கிழவன், கீழே விழுந்து வைத்தால் என்ன செய்வது என்றெல்லாம் பயந்தேன். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படுத்தேன். நீ நலமாக இருக்கிறாயா?

அவனை எழுப்பினோம். கதைப்படி அவனுடைய பழைய பாவம் ஒன்று வெளியாகிறது. எழுந்து நின்று நாலு பக்கம் வசனம் பேசித் தன்னை நியாயப்படுத்துகிறான். கடைசியில் நான் அறைகிறேன். நாலு பக்கம் கிடைத்ததும் அவனுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. ஒத்திகையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "என்னை நிஜமாவே அடிம்மா. பாவனை கீவனை வேண்டாம். இந்தக் காலத்துப் பசங்க ஒரு தரம் பாக்கட்டும்."

"சரிங்க" என்றேன்.

எடுத்தார்கள். வசனத்தை ஒரு சொல் பிசகாமல் பேசினான். அதை மறுக்க மாட்டேன். நான் கையை ஓங்கினேன். அவ்வளவுதான், கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டான், ஆமை மாதிரி.

"கட். ஐயா, அசையாம நிக்கணும்."

"தெரியும் தம்பி, கால் வழுக்கிடுச்சு."

இரண்டாம் தரம் ஒரு அடி பின்னால் போனான். மூன்றாம் தரம் கை முகத்துக்குப் பக்கத்தில் வருவதற்கு முன்பே "ஆ" என்றான். யாரோ ஒரு லைட்மேன் களுக்கென்று சிரித்தான். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு தரமும் நான் கையை ஓங்க மட்டும்தான் செய்தேன், அக்கா. விரல் நுனிகூடப் படவில்லை. ஆறாவது தரம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், அந்த வெண்கலக் குரலைப் பஞ்சாக்கிக்கொண்டு: "பாவனையா அடிச்சா போதாதாம்மா? சத்தத்தை அப்புறம் சேத்துக்கலாமே."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. மேடைக் குரலில், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "எங்க அக்கா அறுபது நாள் அசையாம நின்னா!"

ஏழாவது தரம் அறைந்தேன். நீ சொன்ன இடத்தில்தான். கீழே விழவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார்.

அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். கிழவன் பேச்சு, எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி ஒளிபரப்பாகும். பார்த்துவிட்டு உடனே எழுது. உன் வாயால், "நல்லா குடுத்தடி" என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது.

உன் தங்கச்சி

ஜூன் 2

சின்னவளுக்கு,

ஏன் பதில் இல்லை என்று கேட்டு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பத்தாம் தேதி பார்த்தேன். நன்றாகக் கொடுத்தாய். அவன் பயந்ததைப் பார்க்க எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகனிடம் மறுநாள் கைபேசியில் மறுபடி போடச் சொன்னேன். அதற்கடுத்த நாளும் போடச் சொன்னேன்.

அறை விழுந்த பிறகு அவன் உதடு அசைந்தது. அதன்மேல் இசையைப் போட்டு மூடிவிட்டார்கள் என்று மருமகள் சொன்னாள். எனக்கு இசை எதற்கு? நாற்பத்தாறு வருஷமாக உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைக் கேட்கிறேன். "யாரு வந்து சொன்னது?" என்றான். இரண்டு தரம் சொன்னான். உன் முகம் அப்போது வெளுத்தது. அது நடிப்பில்லை.

இனி நான் சொல்கிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

போஸ்டரில் பெயர் போடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கதையைக் கட்டியது நீ. வேறொரு கம்பெனி என்னைக் கதாநாயகியாகக் கூப்பிட்டது. இரண்டு மாதத்தில் போகப் போகிறேன் என்று ஒரு காலை நேரம் உடை மாற்றும் அறையில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், உன்னிடம். அன்று சாயந்திரம் மூன்றாம் அங்கத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் என் இடது காதில் சொன்னான்: "கிளம்பப் போறியாமே?" அப்புறம் அறை விழுந்தது.

அதுவரைக்கும் அது பாவனை அறைதான். அவன் காற்றில் கை வீசுவான், திரையோரம் நின்று நீ உள்ளங்கைகளைப் பட்டென்று தட்டுவாய், சத்தம் உன்னுடையது. அன்றைக்கு உன் கைத்தட்டல் வரவில்லை. ஓரத்தைப் பார்த்தேன். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். முன்கூட்டியே உனக்குத் தெரிந்திருந்தது.

அறுபது நாளும் அங்கேதான் நின்றாய். அறுபத்தொன்றாம் நாள் என் உடுப்பு உனக்குச் சரியாக இருந்தது. அதன்பிறகு உன்னை அவன் பாவனையாகத்தான் அடித்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு கடிதத்திலும் என் காதை விசாரித்தாய். இந்த ஒன்றை மட்டும் நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். அவனை உன் கையால் அடிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அடித்தால் அவன் வாயைத் திறப்பான் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பயத்தில் சொன்னேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நீ போய்விட்டால் என்னையும் துரத்திவிடுவான் என்று நினைத்ததாக இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். ஆசையில்தான் சொன்னேன். உன் பாத்திரம் எனக்கு வேண்டியிருந்தது. உன் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். நீ மேடையில் பேசும்போது ஓரத்தில் என் வாயும் அசையும்.

"இன்னிக்கு நீ கை தட்டாதே, நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்கு அர்த்தம் புரியவில்லை என்று எழுதினால் அது பொய். முதல் நாள் ஒரு நாளோடு போகும் என்று நினைத்தேன். பத்தாவது நாள் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் எப்படிச் சொல்வது?

வெண்கலம் அன்றைக்கு முழுசாகச் சொன்னது இது: "யாரு வந்து சொன்னது? நீயா நானா?" அதை உனக்கு எழுதாமல் மறைத்தேன்.

அடுத்த வாரம் ரயிலேறி அங்கே வருகிறேன். நீ என்ன செய்தாலும் சரி. எத்தனை வேண்டுமானாலும் சரி.

தங்கச்சி

ஜூலை 4

சின்னவளுக்கு,

நீ வர வேண்டாம் என்று மகனை விட்டுத் தந்தி மாதிரி நாலு வார்த்தை அனுப்பச் சொன்னேன். கிடைத்திருக்கும். என் வீட்டு வாசலில் நின்று நீ அழுதால் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். டிவியில் வருகிற மாமியார் என்று உன்னோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பாக்கியம் உனக்கு வேண்டாம்.

உன்னை அடிக்க எனக்கு விருப்பமில்லை. எழுபத்தொரு வயதில் கையில் பலமும் இல்லை.

நீ கடிதம் எழுதும் தாளின் தலைப்பிலேயே உங்கள் கம்பெனி விலாசம் அச்சடித்திருக்கிறது. பிப்ரவரி முதல் அந்தக் கதைக்காரப் பெண்ணுக்கு நான் எழுதி வருகிறேன். 'ஒரு நேயர்' என்று கையெழுத்துப் போடுவேன். அவளும் மரியாதையாகப் பதில் போடுவாள். பாவம், அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறாள். போன வாரம் ஒரு கதை அனுப்பினேன். நாடகம், மேடை எதுவும் அதில் இல்லை, எல்லாம் வீட்டுக்கதையாக மாற்றிவிட்டேன். அந்த மாமியார் சின்ன வயதில் தன் கூடப்பிறந்த அக்காவைக் காட்டிக்கொடுத்து, அவள் வாழ்க்கையைத் தட்டிப்பறித்தவள். இப்போது வீடு முழுக்கக் கூடி நிற்க, ஒவ்வொன்றாக அவள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள்.

"அம்மா, தங்கமான கதை!" என்று எழுதியிருக்கிறாள். டைரக்டருக்கும் பிடித்துவிட்டதாம். உனக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்தான் முந்திக்கொண்டேன். ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் முந்திக்கொண்டு சொன்னால் எப்படி இருக்கும் என்று நீயும் பார்.

முடியாது என்று சொல்ல உனக்கு வழி இருக்கிறது. 'ஏன்' என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொள்.

அக்கா

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

முடியாது என்று சொல்லப் போனேன். "ஏன் மேடம்?" என்றார் டைரக்டர். திரும்பி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டேன்.

எட்டு நாள் எடுத்தார்கள். என் மகனாக நடிப்பவர், மருமகளாக நடிப்பவர், வேலைக்காரியாக வருபவர் எல்லோரும் சுற்றி நிற்க, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அக்கா, உன் சொற்களை அந்தப் பெண் அப்படியே வைத்திருந்தாள். "ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்" என்ற வரி வந்தபோது கை தானாகப் பின்னால் போனது. அப்படிச் செய்யச் சொல்லித் தாளில் எழுதியிருக்கவில்லை. டைரக்டர் இரண்டாம் தரம் எடுக்கக் கேட்கவில்லை. கதைக்காரப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி மேடம் இப்படி நடிக்கறீங்க!" என்று அழுதாள்.

ஒளிபரப்பான மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். எட்டு வருஷமாக என்னைப் பார்த்ததும் நாற்காலி போடும் கடைக்காரர் மாத்திரையை மேஜையில் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்ற அம்மாள் தன் பெண்ணிடம், "கூடப்பிறந்தவளையே காட்டிக்குடுத்தவ" என்றாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. வேஷத்தைத்தான் சொல்கிறாள் என்று மற்ற நடிகைகளைப் போல என்னால் சிரிக்க முடியவில்லை. மகள் போன் செய்து, "அம்மா, ஏம்மா ஒரு மாதிரி இருக்கே? அது வெறும் கதைதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் பார்த்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

வெண்கலத்தின் செய்தியும் சொல்கிறேன். அந்த ஏழு தரம் நடந்த பிறகு அவனை யாரும் 'ஐயா' என்று கூப்பிடவில்லை. கதையில் அவனை முடித்துவிட்டார்கள். இப்போது கூடத்துச் சுவரில் படமாகத் தொங்குகிறான். அதற்கு அவன் நேரில் வர வேண்டியதே இல்லை. வேறு எந்தத் தொடருக்கும் கூப்பிடுவதில்லை என்று கேள்வி. வீட்டில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம், வலிக்கிறதென்று சொல்கிறானாம். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறாராம்.

நான் ஒப்புக்கொண்ட காட்சியைப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது. மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் அதுவும் வசனம் மாதிரி ஆகிவிடும்.

தங்கச்சி

ஆகஸ்ட் 27

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

எட்டு நாளும் பார்த்தேன். முதல் இரண்டு நாள் அழுகை உன் தொழில் அழுகை, எனக்குத் தெரியும். மூன்றாம் நாளிலிருந்து மூக்கு சிவந்து, உதடு கோணி, சின்ன வயதில் நீ கீழே விழுந்தால் அழுவாயே, அந்த அழுகை. பக்கத்தில் மருமகள் உன்னைத் திட்டிக்கொண்டே பார்த்தாள். அவளைத் தடுக்க வாயெடுத்தேன். பிறகு திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் மகளிடம் சொன்னது நல்லது.

எனக்கு இன்னும் ஆறவில்லை. கதையை அதற்குள் முடித்துவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

அக்கா